முப்பதுக்கு மேல ஒரு மூஞ்சி

மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு காலையில இருந்து இந்த மேடையில எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்களும் வேகமா தலையாட்டிட்டீங்க. அதனால அறிவுரையை விடுங்க... ஒரு பொடிக் கதை சொல்றேன். பொடி வெச்சுத்தான் சொல்றேன், தும்முறவங்க தும்மிக்கலாம்.

பக்கத்துல ஓடைக்கரைப்பட்டி இருக்குல்ல? அந்த ஊருக்குப் போற ரோடு எப்படி? நேரா, வழுவழுன்னு, எண்பதுன்னு போர்டு. சும்மா பறக்கலாம். பறந்து புளியமரத் திருப்பத்துக்கு வந்தா... திடீர்னு முப்பது! எண்பதுக்கும் முப்பதுக்கும் நடுவுல அறுபது எங்க? ஐம்பது எங்க? பஸ்ஸை விட்டுட்டு நிக்குதா?

இந்தக் கேள்வியை அதிகமா கேட்டவரு அந்த ஊர் வீரபுத்திரன் மாமா. டீக்கடையில உட்கார்ந்தா இதே பேச்சு. "இந்த போர்டை நட்டவன் மாட்டு வண்டியில வந்துதான்டா நட்டிருப்பான்!"

அவரு பெரிய பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்துச்சு. விழான்னா என்ன வேணும்? சாப்பாடா? இல்லைங்க... ஃப்ளெக்ஸ்! சித்தப்பா, பெரியப்பா, சித்தப்பாவுக்குப் பங்காளின்னு தலைதலையா அடிச்சு, நடுவுல மாமா. கூலிங் கிளாஸ் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, 'வருக! வருக!'

அதை எங்க கட்டினாரு தெரியுமா? அந்த முப்பது போர்டு மேல!

கட்டப் போன பசங்களே கேட்டிருக்காங்க, "மாமா, போர்டு மறையுதே?"

"போடா கூமுட்டை! ரோடு பூரா பறந்து வர்றவன் இந்த இடத்துலதான்டா பிரேக் அடிக்கிறான். இங்க கட்டுனாதானே என் மூஞ்சிய நின்னு பாப்பான்!"

கேட்டீங்களா? அவன் பிரேக் அடிக்கிறதே அந்த போர்டைப் பாத்துத்தான்! அதை மூடிட்டு, இவரு மூஞ்சிய எவன் நின்னு பாப்பான்? எனக்குத் தலையை எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல...

சரி, விழா நாள். தாய்மாமன் சீர் வருது. திருப்பம் தாண்டினதும் நடுரோட்டுல மொத்தக் குடும்பமும் நிக்குது. மேளம், வேட்டு, மாலையோட மாமா, ஆரத்தித் தட்டோட அவரு சம்சாரம் பொன்னுத்தாய் அத்தை. அத்தை சேலையைப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பொண்ணு மித்ரா. அஞ்சு வயசு. பட்டுப்பாவாடை.

சீர் வண்டியை ஓட்டிட்டு வர்றது அத்தையோட தம்பி அழகுமலை. இப்பதான் லோடு வண்டி வாங்கினவரு. இந்த ரோட்டுல தானே ஓட்டிட்டு வர்றது இதான் முதல் தடவை. எண்பதுன்னு போட்டிருந்துச்சு... எண்பதுல வந்தாரு. தப்பா? போர்டு சொன்னதைக் கேட்டாரு!

ஹாரன் சத்தம் கேட்டுச்சு. மித்ரா என்ன பண்ணுச்சு? அத்தை சேலையை விட்டுட்டு, "மாமா வந்தாச்சு!"ன்னு ஓடுச்சு...

வண்டி திரும்புச்சு.

பிரேக் கதறுன கதறல்ல மேளம் நின்னுபோச்சு. அழகுமலை ஸ்டியரிங்கை ஒடிச்சு ஓடைக்குள்ள இறக்கிட்டாரு. லட்டு ஒரு பக்கம், வாழைத்தார் ஒரு பக்கம். சீர் கொண்டாந்த வண்டி சீரழிஞ்சு கிடக்கு. மித்ரா... நடுரோட்டுல நிக்குது. பாவாடை நுனியில டயர் கிளப்பின மண்ணு. அழக்கூட இல்ல. அத்தை தட்டை எறிஞ்சுட்டு ஓடிப் போய்ப் புள்ளைய அள்ளிக்கிட்டாங்க.

அழகுமலை ஒடிஞ்ச கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடையில இருந்து ஏறி வர்றாரு. வீரபுத்திரன் மாமா பாய்ஞ்சாரு.

"டேய் மாப்ள! கண்ணு அவிஞ்சு போச்சா? முப்பதுன்னு கொட்டை எழுத்துல போர்டு இருக்குல்ல!"

"எங்க மச்சான் இருக்கு போர்டு? உங்க மூஞ்சிதான் இருக்கு! வருக வருகன்னு கும்பிட்டீங்க... நானும் வந்தேன்!"

 

பொன்னுத்தாய் அத்தை புள்ளைய மேளக்காரர் கையில கொடுத்தாங்க. இளநீர் சீவ வெச்சிருந்த அரிவாளை எடுத்தாங்க. விறுவிறுன்னு திருப்பத்துக்கு நடந்தாங்க. சித்தப்பா மேல கீறல் இல்ல, பெரியப்பா மேல கீறல் இல்ல... புருஷன் மூஞ்சிய மட்டும் வட்டமா அறுத்து எடுத்தாங்க. அந்த ஓட்டைக்குள்ள, செவப்பு வளையத்தோட, முப்பது!

எதுக்குச் சொல்றேன்? எண்பதுல இருந்து திடீர்னு முப்பதுன்னா எரிச்சல் வருதா? வரட்டும். எனக்கும் வருது. நடுவுல ஒரு அறுபது வைங்கன்னு மனு கொடுங்க, முதல் கையெழுத்து நான் போடுறேன். ஆனா அதுவரைக்கும் பிரேக்கை மிதிங்க. ஏன்னா அந்த முப்பது உங்களுக்குத் தெரியுற ரோட்டுக்கு வெச்சது இல்ல... திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிக்குற, உங்களுக்குத் தெரியாத பட்டுப்பாவாடைக்கு வெச்சது. அதை மறைக்கிறவன் மூஞ்சிய காட்டல, புள்ளைய மறைக்கிறான்!

கடைசியா ஒண்ணு. இந்தச் சாலைப் பாதுகாப்பு விழாவுக்கு நம்ம ஊர் எல்லையில 'வருக வருக'ன்னு ஒரு பேனர் கட்டியிருக்கோமே... வரவேற்பு பேனர், பாத்ததுமே எனக்கு வேர்ப்பு! விழாத் தலைவரு அதுல ரொம்ப அழகா சிரிக்கிறாரு. அவரு காதுக்குப் பின்னாடி கொஞ்சம் எட்டிப் பாருங்க... செவப்பு வளையம் தெரியும்.

தலைவர் ஐயா, இப்பவே ஆள் அனுப்பி அவுத்துருங்க. பொன்னுத்தாய் அத்தை முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. மடியில ஒரு பை வெச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல.