கையில் மிஞ்சிய கோலி

எங்க தீயணைப்பு நிலையத்துப் பழைய சாமானப் பாக்க டிக்கெட்டெல்லாம் கிடையாதுக்கா, சும்மா உள்ள வாங்க. நான் கைடு இல்ல, இந்தப் படையில தீயணைக்கிறவதான். யாஸ்னான்னு பேரு. எங்க வால்பராய்சோ ஊருல சம்பளம் வாங்கிட்டுத் தீயணைக்கிற ஆளே கிடையாது, தெரியும்ல? பகல்ல நான் முடி வெட்டுறவ. சைரன் ஊதினா கத்தரியப் போட்டுட்டு ஓடுவேன். ஒரு நாள் பாதித் தலைய வெட்டிட்டு ஓடுறேன், அந்த ஆளும் துண்டோட பின்னாலயே ஓடி வர்றாரு. என்னடான்னு பாத்தா, அவரும் இன்னொரு தீயணைப்புப் படை ஆளு!

தொடுங்க, ஒண்ணும் ஆகாது. நீராவிப் பம்பு வண்டி இது. குதிரை இழுக்கும். இழுக்கும்னு பேரு! நம்ம ஊரு மேட்டுல அது பாதியிலயே நின்னுக்கும், மனுசங்கதான் தள்ளணும். தண்ணி கொதிச்சு நீராவி வர்றதுக்குள்ள வீடு எரிஞ்சு முடிஞ்சிரும். ஆனா பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி என்னா மினுக்கு! உவ்வே... இல்லக்கா, ஒண்ணுமில்ல. பித்தள பாலிஷ் நாத்தம், இன்னிக்கு என்னமோ குமட்டுது.

எது, அந்தக் காலிக் கண்ணாடிப் பெட்டியா? திருட்டெல்லாம் போகல. அதுல வைக்கிறது ஓட்டுப் பெட்டி. இப்ப மாடில வேலையா இருக்கு. புது ஆளு படையில சேரணும்னா நாங்க ஓட்டுப் போடணும்ல? ஆளுக்கு ஒரு வெள்ளக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. துணிக்குள்ள கைய விட்டு ஒண்ணப் போடணும், மிச்சத்த ஒரு பையில போட்டுட்டு வந்துரணும். அத்தன பேரும் வெள்ள போட்டாத்தான் உள்ள. ஒரே ஒரு கறுப்பு விழுந்துச்சுன்னா ஆளு காலி.

இன்னிக்கு யாருக்கு ஓட்டுன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரரு ராமிரோவுக்கு! மாடி வாசல்ல முடிவுக்குக் காத்துட்டு நிக்கிறாரு. அடுப்படியில ஏணி போட்டு ஏறிப் பழகுறாருக்கா. பேண்ட்டுக் காலுக்குள்ள பூட்ஸச் சொருகி, சைரன் ஊதினா ஒடனே மாட்டிக்க எங்கள மாதிரியே கட்டிலுக்குப் பக்கத்துல நிக்க வெச்சுட்டுத்தான் தூங்குவாரு. இன்னும் சேரவே இல்ல, பேண்ட்டு மட்டும் ரெடி!

கையா? ஐய, பாத்துட்டீங்களா. சிரிக்கக் கூடாது. ஓட்டுப் போட்டுட்டு, மிச்சக் கோலியப் பையில போடாம அப்படியே கீழ ஓடி வந்துட்டேன். சடங்குன்னு வெள்ளக் கையுற வேற மாட்டி விட்டுட்டாங்க. ரெண்டு கோலியும் ஒரே சைசு. எதப் போட்டேன்னு... தொறக்கவே பயமா இருக்குக்கா. நீங்களே விரலப் பிரிச்சுப் பாருங்க.

வெள்ளையா? நெசமாவா?

அப்ப உள்ள விழுந்தது கறுப்பு. ஐயோ, சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது!

எங்க எந்திரிக்கிறீங்க? மேல போயி கை தவறிருச்சுன்னு சொல்லணுமா? உக்காருங்கக்கா. கறுப்பு ஒரு பொட்டு கனமா இருக்கும். கையுற என்ன, கம்பளியே போத்திட்டுத் தொட்டாலும் எனக்குத் தெரியும்.

காலைல டாக்டரம்மா சொன்னாங்க, முழுகாம இருக்கேனாம். அவருக்கே இன்னும் தெரியாது, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். வீட்டுக்கு ஒருத்தர் நெருப்புக்குள்ள போனாப் போதாதா? சைரன் ஊதி ரெண்டு பேரும் ஓடினா பிள்ளைய யாரு தூக்கிக்கிறது?

நானா? நான் எதுக்கு விடணும்? பிரசவத்துக்கு லீவு போடுவேன், அப்புறம் வந்துருவேன். வீட்டு ஜன்னல்ல அந்த மனுசன் எனக்காகக் காத்து நிக்கிறாருன்ற தைரியத்துலதான்கா நான் பொகைக்குள்ளயே நுழையிறேன். அவரும் உள்ள வந்துட்டா எனக்குன்னு வெளிய யாரு இருக்கா? எனக்குப் பயம்கா, அவ்வளவுதான்.

ஷ்ஷ், படியில சத்தம். அவருதான். மூக்க உறிஞ்சுறாரு, பாவம். அந்தக் கோலிய உங்க பையில போடுங்க, சீக்கிரம்!

ராமிரோ! அழாதீங்க, இங்க வாங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன்.