நாயோடு நடப்போருக்கு

— இல்லை, சிமியோன். கோத்த அச்செழுத்தைக் கலைச்சுப் பெட்டியிலை போடும். நான் உம்மடை அச்சுக்கூடத்துக்கு வந்தது மகன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு மலர் அடிக்க. நாய்ப் புத்தகம் அடிக்க இல்லை.

— கோவியாதேங்கோ ஐயா. உங்கடை மகன் சோமசேகரம் தம்பி தானே எழுதி, தானே பிழை திருத்தித் தந்த புத்தகம். இனி அடிக்கிறதுதான் மிச்சம்.

— செத்தவனுக்குக் கல்வெட்டுப் போதும். வம்சம், படிப்பு, நில அளவைக் கந்தோரிலை பாத்த உத்தியோகம். கடைசியிலை புலம்பல் பாட்டு.

— தம்பியின்ரை நாய் வீமனைப் பற்றி ஒரு வரியும் இல்லையோ?

— என்ன கதை கதைக்கிறீர் ஐசே? உரும்பிராயிலை நாங்கள் கோயில் மணியம் பாத்த குடும்பம். எங்கடை வளவுக்குள்ளை நாய் வந்ததில்லை. உந்த நாயைக்கூட அவன் படலைக்கு வெளியிலைதான் கட்டினவன்.

— அதுதானே பாருங்கோ, லீவு கிடைச்சால் அதைக் கூட்டிக்கொண்டு நடக்க வெளிக்கிட்டவர். வல்லிபுரம், மணற்காடு... படங்கைக் கூடாரமாய்க் கட்டி ரெண்டுபேரும் படுத்தெழும்பினவை.

— ரெண்டுபேரோ? நாயும் இப்ப ஆளாப் போச்சோ?

— ஒரு துண்டு வாசிக்கிறன், கேளுங்கோ. ‘மணல் சுடும் நேரத்தில் நாயை நடத்தாதீர்கள். வழியிலுள்ள வீட்டாரிடம் கேட்டு, சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். அது குடித்த பின்பே நீங்கள் குடியுங்கள்.’

— நிப்பாட்டும்! நாய் குடிச்ச பிறகு இந்தப் பரமலிங்கத்தாரின்ரை மோன் குடிச்சான் எண்டு ஊர் வாசிக்கோணுமோ?

— தம்பிக்கு அதிலை வெக்கம் இருக்கேல்லை ஐயா.

— எனக்கு இருக்கு.

— அப்ப தம்பியின்ரை பேரை எடுத்துப்போட்டு அடிக்கட்டோ?

— பேரில்லாமல் அடிக்க என்ரை பிள்ளை என்ன அநாதையோ?

— தம்பியைப் பாம்பு கடிச்ச அண்டைக்குக் கடற்கரையிலை மீன்வாடிக் குடில் ஒவ்வொண்டாய் ஓடிக் குரைச்சு, மீன்பிடிக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த வீமன்தானே ஐயா.

— தெரியும். ஆக்கள் போகேக்கை மூச்சு இருந்ததாம். கதைச்சவனாம்.

— கர்த்தரே! என்ன சொன்னவராம்?

— ‘நாயோடை படுத்ததை அப்பாட்டைச் சொல்லாதேங்கோ’ எண்டானாம்.

— ஐயா, இந்தக் கதிரையிலை இருங்கோ. தண்ணி கொண்டுவரச் சொல்லட்டோ?

— வேண்டாம். நிண்டே கதைப்பன். நீர் எழுத்தைக் கலையும்.

— சரி. உங்கடை பிள்ளை, உங்கடை சொல்லு. உங்கடை முன்னாலையே கலைக்கிறன். இதுதான் முதல் பக்கம்.

— பொறும்.

— என்னையா?

— கையை எடும் எண்டுறன். அதுக்குள்ளை... வளத்தவன் செத்துப்போனால் நாய்க்கு எப்பிடிச் சோறு தீத்திறதெண்டு எழுதியிருக்கிறானோ, பாத்துச் சொல்லும். அடுப்படிக்குள்ளை வைச்சு, நான் சாப்பிடுற கோப்பையிலை பிசைஞ்சு, என்ரை கையாலை குடுத்தும் வாய் திறக்குதில்லை.