காற்றுக்கு வழிவிட்ட ஓவர்சியர் அருள்நாதனார்க்கு

அன்பின் உறைவிடமே! அலுத்தும் ஓயாத உழைப்பே! திண்டிவனத்தில் நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை ஆலையில் கட்டட ஓவர்சியராய் நெடுங்காலம் உழைத்து, இந்த 1946-இல் விடைபெறும் அருள்நாதன் ஐயா! களைத்த கண்களோடு தாங்கள் அமர்ந்திருக்க, களைத்த கைகளால் நாங்கள் மாலை சூட்டுகிறோம்.

தாங்கள் வந்தபோது எங்கள் குடியிருப்பு ‘லைன்’ எனப்படும் இரண்டு வரிசை வீடுகள். ஒவ்வொரு லைனிலும் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை, சன்னல் இல்லை, புகை போக வழியில்லை, ஒருவர் வாசல் மற்றவர்க்குத் தெரியாது. குப்பம்மாளின் கைக்குழந்தை பட்டப்பகலில் வலிப்புக் கண்டு இறந்தது. அவள் கதறல் அந்தச் சுவர்களைத் தாண்டவில்லை.

அன்று தொடங்கி, லைன்களை மாற்றிக் கட்டக் கேட்டு முதலாளியிடம் நடையாய் நடந்தீர்! யுத்தத்திற்குச் சற்று முன் முதல் லைனை இடித்து, நடுவே பொது முற்றம் விட்டு, எதிரெதிராய் வாசல்களும் சன்னல்களும் வைத்துக் கட்டினீர்! ஆனால் குடிவந்தவர்கள் சன்னல்களைச் சாக்கால் அடைத்தார்கள். மனம் நொந்து காரணம் கேட்டீர்கள்.

“காத்து நல்லதுதாங்க. எதுர் வூட்டு ஆம்பளைங்க பாத்துக்கினு இருந்தா நாங்க எப்டிங்க துணி மாத்துறது?” என்றாள் செபஸ்தியம்மாள்.

கோபிக்கவில்லை தாங்கள். “தப்பு எம்மேலதான்” என்று மேஸ்திரியை அழைத்து, சன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைக்கச் சொன்னீர்கள். சாக்குகள் இறங்கின, இருமல் குறைந்தது. எல்லார் வாசலும் பார்க்கும் முற்றத்தில் அழுக்குநீர் ஊற்ற எவர்க்கும் கை வரவில்லை.

பிறகு வாந்திபேதி வந்தது. முதல் லைனில் தனியே இருந்த பாஞ்சாலியின் கதவு விடிந்தும் திறவாததை எதிர்வீட்டுக் கண்ணையன் கண்டான். கதவை உடைத்து, வண்டியிலேற்றி ஆஸ்பத்திரி சேர்த்தான். அவள் பிழைத்து, இதோ எங்களோடு அமர்ந்திருக்கிறாள்! ஆனால் யுத்தம் சிமெண்டை விழுங்கியதால் பழையபடியே நின்ற இரண்டாம் லைனில், தனியே கிடந்து செத்தவர்களை நாற்றம் வந்த பிறகே தூக்கினோம். அதன்பின்னும் அந்த லைனுக்காக முதலாளியிடம் நடந்தீர்கள்.

அந்த லைனையும் கட்டிவிட்டுப் போகும்படி சென்ற வாரம் மன்றாடினோம். “முடியலீங்க. கேட்டுக் கேட்டு வாய் ஓஞ்சி போச்சி. இனிமே நீங்க போய்க் கேளுங்க” என்றீர்கள். 

ஐயா! ஒலக்கூரில் மகள் வீட்டில் நோயின்றி நெடுநாள் வாழ்க! பகலிலும் கவலையின்றிக் கண்ணயர்க! இன்று காலை இரு லைன் ஆட்களும் ஒன்றாய் முதலாளியைப் பார்த்தோம். அவர் இசையவில்லை. நாளையும் போகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் நனைந்த
ஆலை ஊழியர்களும் குடியிருப்போரும்