தண்ணிப் பால்

“என் மார்ல வர்றது பாலே இல்ல, வெறும் தண்ணின்னு நம்பிக்கினு இருந்தேன்க்கா.”

தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டபோது, முன் இருக்கையில் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் நான்கு மாதக் குழந்தை. பக்கத்தில் இருந்தவள் அவள் தெருக்காரி போலிருந்தாள், வயதில் மூத்தவள்.

“யாரு சொன்னது?”

“மாமியார்தான். கொழுப்பில்லாத பால் குடிச்சா புள்ளைக்கு மூளை வளராது, டிவில காட்ற டப்பாப் பால் குடுன்னாங்க. ஒரு வாரமா அழுதுகினே இருந்தேன். இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“மொதல்ல தண்ணியாத்தான் வருமாம். குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு ஜாஸ்தியாவுமாம். மூளைக்கு வேண்டியது அதுல கீதாம். நான் பாதியிலயே பக்கம் மாத்திகினு இருந்தேன். ஒரு பக்கம் முழுசா குடிக்க வுடுன்னாங்க. தலைய டேப் வெச்சு அளந்து, நல்லா வளர்றான்னாங்க.”

மூத்தவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்குப் பாலே ஊறல. எம் பொண்ணு டப்பாப் பால்லயே வளந்தவ…”

“அதையும் கேட்டேன்க்கா. அதுலயும் மூளைக்கு வேண்டிய கொழுப்பு கீதாம். அந்தப் புள்ளைங்களும் நல்லாத்தான் வளருவாங்களாம்.”

“நான் உன்ன கேக்கச் சொல்லலியே?”

“உம் பொண்ணு பரீட்ச பேப்பர் வர்றப்பல்லாம், தாய்ப்பால் குடுக்கலியேன்னு நீ உன்னியேதானே திட்டிக்கினு கீறே.”

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ இந்த வாட்டி கணக்குல ஃபெயிலானா, அவளையே திட்டலாம்!”