இடப்பக்கத் தேதி

என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு டயரைக் காதோரம் உருட்டுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அதை ஓட்டியவனுக்கு எத்தனை பல் சொத்தை என்பதுவரை சொல்லிவிடுவேன். சிரிப்பீர்கள். முப்பத்தெட்டு வருஷம் டயர்க்கடை நடத்தி, அண்டப்புளுகர் என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றவன் நான். இந்த வாக்குமூலத்தில் மட்டும் ஜிகினா கிடையாது.

மலை வளைவில் வண்டி வழுக்கி விழுந்த என் மாப்பிள்ளையின் சாவை 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தீர்கள். அதுதான் பொறுக்கவில்லை. ஒருவன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை இன்னொருவன் கணக்கில் எழுதலாமா?

மலைப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு டயர் எடுப்பது பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி. வண்டியைப் பார்க்கக் கூடாது, ஓட்டுகிற ஆளைப் பார்க்க வேண்டும். சேற்றை உழுகிறவருக்கு டயர் முகத்தில் உயரமான, இடைவெளி விட்ட ரப்பர் கட்டைகள். பாதி நாள் தார்ரோட்டில் போகிறவருக்குக் குட்டையான, நெருக்கமான கட்டைகள். ஈரப்பாறையில் போகிறவருக்கு ரப்பர் வெண்ணெய்போல் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வளைவுக்குள் புகுந்த பிறகுதான் முன்பிரேக்கைத் தேடுவார். அவர் உயிர் முழுக்க முன் டயரில்தான் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேலை கிடைத்தது. பாதை பார்த்து, வீடு பிடித்து, பிறகு என் மகளை அழைத்துப் போவதாகச் சொன்னார். மனைவி போனபின் காலையும் மாலையும் வந்து என் புளுகைக் கேட்டவள் அவள்தான். அவளும் போனால் சுவரிடமா புளுகுவேன்?

"மாமா, அங்க பூரா வழுக்குப் பாறையாம். நல்லதா ஒண்ணு பாத்து மாட்டிக் குடுங்க."

"உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், மாப்பிள்ளை."

வைத்திருந்தேன். பதினொரு வருஷச் சரக்கு. ரப்பர் இறுகிக் கருங்கல்லாகியிருந்தது. கறுப்பு மெழுகு தேய்த்ததும் புதுமாப்பிள்ளைபோல் மின்னியது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு இலக்கம் இருக்கும், அது பிறந்த வாரமும் வருஷமும். கடையில் அந்தத் தேதியை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் மாட்டுவேன், வாங்குகிறவர் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று. அன்று முதல்முறையாக இடப்பக்கம், பிரேக் தட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

கால் ஒன்று முறியும், ஆறு மாதம் வீட்டோடு இருப்பார் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். மிச்சம் அவர் ஓட்டும் விதம்.

இப்போது மகள் என்னோடு இருக்கிறாள். ஊர் வாய் பொல்லாதது என்று வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். சன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. ஒன்பது மாதமாக அவள் நிம்மதியாக இருக்கிறாள். சத்தமே வருவதில்லை.

நேற்று என் வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது நீங்கள் நோட்டை மூடினீர்கள். "பெரியவரே, டயரை வச்சு ஆளைக் கொல்ல முடியுமா?"

மகள் உங்களுக்குத் தண்ணீர் வைத்தாள். "அவர விடுங்க சார். சைக்கிள் டியூப்ல கடலைத் தாண்டினேன்னு சொன்னவரு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீயே போய்த் தேதியப் பாரும்மா," என்றேன். சின்ன வயதில் கடையில் தேதியைத் துடைத்துக் காட்டியவள் அவள்தானே.

முற்றத்தில், மூடிவைத்த மாப்பிள்ளை வண்டியின் படுதாவை விலக்கினாள். முன்சக்கரத்தின் வலப்பக்கம் குனிந்து காய்ந்த சேற்றைத் துடைத்தாள். ஒரு சுற்று முழுக்கத் துடைத்தாள். பிறகு எழுந்து மெதுவாக மறுபக்கம் போனாள். அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கைதட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

திரும்பி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு உங்களிடம்தான் பேசினாள்.

"நடந்ததுதான் சார். தேதி இடப்பக்கம் இருக்கு. அப்பா கை தெரியாம அப்படி மாட்டியிருக்காது."