ரெய்டில் கேட்ட குரல்

நாசரேத்திலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவள் நிதானமாகச் சொன்னாள்:

"சாகட்டும்னு விட்டுட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏளா, அந்த ஆன்லைன் கேம்லயா?"

"பின்ன? ரெய்டுன்னு இருபது பேரு சேந்து ராட்சசன அடிக்கப் போறோம். நான் ஹீலரு, எல்லாரு உசுரயும் நாந்தான் காப்பாத்தணும். ஒருத்தன் முன்னால ஓடிச் செத்துட்டு, மைக்குல என்னயக் கெட்ட வார்த்தையில ஏசுதான்."

"ஆளு யாரு?"

"ஞாயித்துக்கிழம கோயில்ல வேதபாடம் வாசிச்சாம்லா, அவன். குரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன். வெளிய வரவும், 'தம்பி, நாந்தான் ஒங்க ஹீலர்'னேன்."

"அய்யோ. பெறவு?"

"நேத்து மைக்குல கேக்கான், 'அக்கா, ஜெபம் பண்ணிட்டுத் தொடங்கலாமா?'"

"பண்ணுனியளா?"

"பண்ணுனோம். ஆமென் சொல்லுமுன்ன ஓடிப்போய்ச் செத்துட்டான்."