பொன்முலாமின் பொய்யை மறுத்து, இன்று பணி ஓய்வு பெறும் கெசீனே லூர்சன் அவர்களுக்கு

ஜெர்மனியில் தூறல் ஓயாத வேசர் ஆற்றங்கரையில் வெயிலை ஆராய வந்த வித்தகரே, மணலில் பிறந்த சிலிக்கனோடு மனம் தளராமல் மல்லுக்கட்டிய மாண்பரே, எங்கள் அளவறையின் அரசியே, வணக்கம். இம்மடலை எழுதியவர்கள் கவிதை வராததால் இயற்பியலுக்கு வந்தவர்கள். பொறுத்துக் கேளுங்கள்.

முப்பதாண்டுகளாக நீங்கள் ஆசைப்பட்டது ஒன்றே: விழும் வெயிலில் வேறெவரும் எடுக்காத அளவுக்கு மின்சாரம் எடுக்கும் சூரிய மின்கலம் இந்த ஆய்வுக்கூடத்தில் உங்கள் கையால் பிறக்க வேண்டும். நெருங்கும்போதெல்லாம் வேறொரு நாடு முந்திக்கொண்டது. நீங்களோ அவர்களுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டு, மேற்பூச்சை இன்னும் மெலிதாக்க மறுபடி அமர்ந்தீர்கள். சிலிக்கன் வில்லையை உடைத்தவர் வெள்ளிக்கிழமை கேக் சுட்டு வர வேண்டும் என்பது நம் வழக்கம். உங்கள் கேக்கை நாங்கள் சுவைத்ததே அரிது. எங்கள் கேக்குகளால் இக்கூடமே பருத்துக் கிடக்கிறது.

இந்த வசந்தத்தில் உங்கள் கடைசிக் கலம் தயாரானது. இருபுறமும் ஒளி வாங்கும் அது, உலக சாதனைக்கு ஒரு முடியளவே குறைந்து நின்றது. முறையான மறு அளவீட்டுக்கு முன், பிரிவுப் பரிசாக நாங்கள் ஒரு காரியம் செய்தோம். கலத்தை வைத்து அளக்கும் பித்தளை மேடை தேய்ந்து கறுத்திருந்தது. உங்களிடம் சொல்லாமல் அதற்குப் பொன்முலாம் பூசினோம். மறுநாள் காலை வெயிலுக்கு ஈடான அளவீட்டு விளக்கைப் போட்டதும் எண் ஏறிச் சாதனையைத் தாண்டியது. நம் துறைத்தலைவர் ஹென்னிங் ஷாம்பெயினைத் திறந்தேவிட்டார்.

நீங்கள் மட்டும் கோப்பையைத் தொடவில்லை.

"ஏம்ப்பா ஹென்னிங், போன வாரம் சோம்பேறியா கிடந்த செல்லு இன்னைக்கு எப்படி இவ்ளோ உழைக்குது? நீ பேசி வழிக்குக் கொண்டு வந்தியா?"

"அம்மா தாயே, நாளைக்குச் சந்தேகப்படுங்க. இன்னைக்குக் குடிங்க."

நீங்கள் கலத்தைத் தூக்கி அடியிலிருந்த மேடையைப் பார்த்தீர்கள். "யாரு இதைக் கண்ணாடி மாதிரி மினுக்கினது?"

நாங்கள் ஒருசேர எங்கள் காலணிகளை ஆராய்ந்தோம். கலத்தை ஊடுருவிக் கீழே போன ஒளியைப் பொன் திருப்பி அனுப்ப, கலம் அதை இரண்டாம் முறை விழுங்கியிருந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு நாங்களே எச்சரிக்கும் பிழை அது.

"விடுங்க கெசீனே," என்றார் ஹென்னிங், குரலைத் தணித்து. "மேடையை யாரு வந்து பாக்கப்போறா? இந்தச் சாதனை உங்களுக்கு என்னைக்கோ வந்திருக்க வேண்டியதுதானே?"

நீங்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எதையும் அவ்வளவு ஆசையாக நீங்கள் பார்த்து நாங்கள் கண்டதில்லை. பிறகு ஒரு கறுப்புத் தாளில் மின்முனைகளுக்குத் துளையிட்டு, கலத்துக்கு அடியில் விரித்தீர்கள். எண் பழைய இடத்துக்கே இறங்கியது.

"மேடை ரொம்ப அழகா இருக்குப்பா," என்றீர்கள். "செல்லை மட்டும் அது மேல வெக்காதீங்க."

குறைந்த அந்த எண்ணையே உங்கள் பெயரில் வெளியிட்டோம். சாதனையில் முந்தியிருக்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தார், சாதனைப் பட்டியலில் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் எண் அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் ஹென்னிங் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தும்மல் என்றார்.

முழங்கால் வலி நீங்கி, மேகம் கலைந்த வானமும் மனம் நிறைந்த நாள்களும் வாய்க்கப்பெற்று நெடுங்காலம் வாழ்க. அந்த முடியளவை என்றாவது தாண்டுவோம், கெசீனே. அன்று நீங்கள் வந்து அளந்து தலையசைக்கும்வரை, நாங்களே அதை நம்ப மாட்டோம்.

இங்ஙனம்,
இனி யார் திட்டுவார் என்று தவிக்கும்
அளவறைத் தோழர்கள்